உலகம் சுற்றிய டின்டின்... மேசையை விட்டு நகராத எர்ஜே! ஒரு நண்பர் மாற்றிய கதை

1991-இல் வெளிவந்த 'டின்டின்' அனிமேஷன் தொடரைப் பார்த்தவர்களில் பலர் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்க மாட்டார்கள். கதை விறுவிறுவென்று ஓடிக்கொண்டிருக்கும்போது, கூட்டத்தில் எங்கேயாவது ஓரமாக, தலையை ஒட்ட வாரிய ஒல்லியான ஆள் ஒருவர் தென்படுவார். கதைக்கும் அவருக்கும் சம்பந்தமே இருக்காது. கண் சிமிட்டினால் காணாமல் போய்விடுவார்.

அவர்தான் எர்ஜே. டின்டின், ஸ்னோயி நாய்க்குட்டி, கேப்டன் ஹேடாக் எல்லோரையும் உருவாக்கியவர். தொடர் வெளியாவதற்கு 8 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோனவர். பிரான்ஸின் எலிப்ஸ், கனடாவின் நெல்வானா நிறுவனங்கள் சேர்ந்து எடுத்த அந்தத் தொடரில் மொத்தம் 39 எபிசோடுகள். ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை.

அந்த 39-ஐயும் வரிசையாகப் போட்டுப் பார்த்தால், கூடவே ஒரு மனிதரின் வாழ்க்கையும் தெரியும். எந்தக் கதை இருக்கிறது, எது இல்லை என்பதிலேயே அவருடைய பெருமையும் இருக்கிறது, அவமானமும் இருக்கிறது.

சாரணர் பையன்

இயற்பெயர் ஜார்ஜ் ரெமி. 1907 மே 22 அன்று பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸை ஒட்டிய எட்டர்பீக்கில் நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தார். பெயரின் முதலெழுத்துகளைத் திருப்பிப் போட்டு, பிரெஞ்சு உச்சரிப்பில் சொன்னால் 'எர்ஜே'. அவ்வளவுதான் அந்தப் புனைபெயரின் ரகசியம்.

சிறு வயதில் அவருக்குப் பிடித்தவை இரண்டு: படம் வரைவது, சாரணர் இயக்கம். சாரணர் குழுவில் அவருக்குக் கிடைத்த பெயர் 'ஆர்வமுள்ள நரி'. 1926-இல் ஒரு சாரணர் இதழுக்காக டோட்டோர் என்ற பையனை வரைந்தார். துறுதுறுவென்று இருப்பான், யாருக்காவது ஆபத்து என்றால் முன்னால் போய் நிற்பான். டின்டினுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் வேலைக்குச் சேர்ந்த இடம் 'லெ வான்தியெம் சியெக்கிள்' என்ற கத்தோலிக்க நாளிதழ். அதை நடத்தியவர் பாதிரியார் நோர்பேர் வாலேஸ். தீவிர வலதுசாரி, கம்யூனிசம் என்றாலே ஆகாது. 1928-இல் சிறுவர் இணைப்பிதழ் ஒன்றைத் தொடங்கி, 21 வயதுப் பையனான எர்ஜேயின் கையில் கொடுத்தார். அதில்தான் 1929 ஜனவரி 10 அன்று டின்டின் முதன்முதலாக ரயில் ஏறினான். போன இடம் சோவியத் ரஷ்யா.

எர்ஜே ரஷ்யாவுக்குப் போனதில்லை. ரஷ்யாவில் தூதரகப் பணியில் இருந்த ஒரு பெல்ஜியர் எழுதிய சோவியத் எதிர்ப்புப் புத்தகம்தான் அவருக்கு ஆதாரம். அதில் என்ன இருந்ததோ அதை அப்படியே படமாக்கினார். கதை செம ஹிட். 1930 மே மாதம், டின்டின் வேடம் போட்ட ஒரு பையனை நிஜமாகவே பிரஸ்ஸல்ஸ் வடக்கு ரயில் நிலையத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். வரவேற்கக் கூட்டம் கூடியது. இல்லாத ஒருவன், போகாத பயணத்திலிருந்து திரும்பி வருவதை ஒரு ஊரே கொண்டாடியது!

எபிசோடே ஆகாத கதை

அடுத்து எங்கே அனுப்பலாம்? எர்ஜேக்கு ஆசை அமெரிக்கா மேல். வாலேஸ் ஒப்புக்கொள்ளவில்லை. காங்கோ அப்போது பெல்ஜியத்தின் காலனி. அதைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நல்லவிதமாகச் சொல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம். எர்ஜே தலையாட்டினார்.

'காங்கோவில் டின்டின்' கதையில் வரும் ஆப்பிரிக்கர்கள் எல்லோரும் விவரமில்லாதவர்கள், சோம்பேறிகள், வெள்ளைக்காரப் பையனைக் கும்பிடுகிறவர்கள். பள்ளிக்கூடக் காட்சி ஒன்றில் அவர்களுடைய தாய்நாடு பெல்ஜியம் என்று டின்டின் பாடமே நடத்துவான். போதாக்குறைக்கு மான், குரங்கு, காண்டாமிருகம் என்று கண்ணில் படுவதையெல்லாம் கொல்கிறான். காண்டாமிருகத்தின் முதுகில் துளை போட்டு, வெடி வைத்துத் தகர்க்கிறான்.

1946-இல் கதையை மறுபடி வரைந்தபோது, அந்தப் பாடத்தைக் கணக்கு வகுப்பாக மாற்றினார் எர்ஜே. காண்டாமிருகம் பிழைக்க 1975 வரை ஆனது. அதுவும் ஸ்காண்டிநேவியப் பதிப்பாளர்கள் கேட்டதால். ஆனால் ஆப்பிரிக்கர்களை வரைந்த விதம் மாறவில்லை. 2007-இல் காங்கோவைச் சேர்ந்த ஒரு மாணவர் இந்தப் புத்தகத்துக்கு எதிராக பெல்ஜிய நீதிமன்றத்துக்குப் போனார். 2012-இல் தோற்றார். 'அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்' என்ற சமாதானம் இன்றைக்கும் எடுபடுகிறது. ஆனால் காங்கோவில் நடந்த கொடுமைகளைப் பற்றி அதற்கு முன்பே ஐரோப்பாவிலேயே எழுதியவர்கள் இருந்தார்கள். எர்ஜே தேடவில்லை, அதுதான் உண்மை.

39 எபிசோடுகளில் சோவியத் கதையும் கிடையாது, காங்கோ கதையும் கிடையாது.

அமெரிக்கா கதை இருக்கிறது, ஒரே எபிசோடாக. அதிலும் ஒரு முக்கியமான பகுதியைக் காணோம். அமெரிக்கப் பழங்குடியினரின் நிலத்தில் எண்ணெய் கிடைத்ததும், ராணுவத்தைக் கொண்டுவந்து அவர்களைத் துரத்திவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக நகரமே எழுப்பிவிடுவதாகப் புத்தகத்தில் வரும். பழங்குடியினரைக் கேலியாகக் காட்டும் பக்கங்களும் அதில் உண்டுதான். ஆனா எர்ஜேயின் ஆரம்பக் கதைகளில் கூர்மையான காட்சி என்றால் அதுதான். பிரச்சினை வேண்டாம் என்று நினைத்தார்களோ என்னவோ, தொடரில் பழங்குடியினரே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி

இங்கேதான் கதை திரும்புகிறது.

1934-இல், அடுத்து டின்டின் சீனாவுக்குப் போகப்போகிறான் என்ற செய்தி வாசகர்களுக்குத் தெரிந்தது. லூவன் பல்கலைக்கழகத்தில் சீன மாணவர்களுக்குப் பொறுப்பாக இருந்த கொஸே என்ற பாதிரியாருக்குக் கவலை. காங்கோவை வரைந்த மாதிரியே சீனாவையும் வரைந்தால் தன் மாணவர்களுக்கு எப்படி இருக்கும்? எர்ஜேக்குக் கடிதம் போட்டார். வரைவதற்கு முன்னால் ஒரு சீனரைச் சந்தித்துப் பேசுங்கள் என்பதுதான் அதன் சாரம். ஒருவரை அறிமுகமும் செய்துவைத்தார்.

அவர் சாங் சோங்ரென். ஷாங்காயைச் சேர்ந்தவர், பிரஸ்ஸல்ஸ் கலைக்கழகத்தில் சிற்பம் படித்துக்கொண்டிருந்தவர். எர்ஜே பிறந்த அதே 1907-இல் பிறந்தவர். மே 1 அன்று முதல் சந்திப்பு. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எர்ஜே வீட்டுக்கு வருவது வழக்கமானது.

சாங் தூரிகைகள் கொண்டுவந்தார். மரத்தை வரைவதற்கு முன்னால் மரத்தை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தார். சீனக் கவிதை, ஓவியம், வரலாறு எல்லாம் பேசினார். அரசியலையும் பேசினார். 1931 செப்டம்பர் 18 அன்று முக்டன் அருகே ரயில் பாதையில் குண்டு வெடித்தது. வைத்தவர்கள் ஜப்பானிய ராணுவத்தினர், பழியைப் போட்டது சீனர்கள் மேல். அதையே சாக்காக வைத்து ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்தது. ஐரோப்பியப் பத்திரிகைகளைப் படித்த பெல்ஜியர்கள் பலருக்கு இந்தக் கதையின் மறுபக்கம் தெரியாது.

அந்த மறுபக்கத்தை வைத்து எழுந்ததுதான் 'நீலத் தாமரை'. சீனாவில் வெள்ளைக்காரர்கள் ரிக்‌ஷாக்காரரை அடிப்பது, ஓர் அந்நிய ராணுவம் பொய் சொல்லி நாட்டைப் பிடிப்பது எல்லாம் 1934-இல் ஒரு சிறுவர் இணைப்பிதழில் வந்தது. கதையில் தெருச் சுவர்களில் தெரியும் சீன எழுத்துகள் சும்மா கிறுக்கியவை அல்ல. அவற்றை எழுதிக்கொடுத்தவர் சாங். ஏகாதிபத்தியத்தை எதிர்த்தும், ஜப்பானியப் பொருள்களைப் புறக்கணிக்கச் சொல்லியும் முழக்கங்கள். பெல்ஜியச் சிறுவர்களுக்குப் புரிந்திருக்காது. ஜப்பானியத் தரப்பு கொதித்தது, பெல்ஜிய அரசிடம் புகார் போனது. எர்ஜே மாற்றவில்லை.

இந்தக் கதையிலும் ஜப்பானியர்களைத் துருத்திய பல்லும் கோணல் மூஞ்சியுமாகத்தான் வரைந்திருக்கிறார். ஒரு நாட்டுக்காரரிடம் உட்கார்ந்து பேசியதால் அவர்கள் மனிதர்களாகத் தெரிந்தார்கள். பேசாத நாட்டுக்காரர்கள் கார்ட்டூனாகவே இருந்துவிட்டார்கள்.

கதையின் நடுவில், வெள்ளத்தில் மூழ்கவிருந்த ஒரு சீனப் பையனை டின்டின் காப்பாற்றுகிறான். பெயர் சாங். கரையில் உட்கார்ந்து, ஐரோப்பியர்கள் சீனர்களைப் பற்றியும் சீனர்கள் ஐரோப்பியர்களைப் பற்றியும் நம்புகிற அபத்தங்களைச் சொல்லி இருவரும் சிரிக்கிறார்கள். எர்ஜே வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனை முறை அப்படிச் சிரித்திருப்பார்களோ!

1935-இல் சாங் சீனாவுக்குத் திரும்பினார். பிறகு போர். தொடர்பு அறுந்தது. சீனத் தலைவர் சியாங் கை-ஷெக்கின் மனைவியிடமிருந்து எர்ஜேக்கு அழைப்பு வந்தது, ஆனால் போக முடியவில்லை.

திருடப்பட்ட பத்திரிகை

1940 மே 10. ஜெர்மனி பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. எர்ஜே வேலை பார்த்த நாளிதழ் நின்றுபோனது. அக்டோபரில் அவர் 'லெ சுவார்' நாளிதழில் சேர்ந்தார். பெரிய பத்திரிகை, பெரிய வாசகர் கூட்டம். ஆனால் அதன் உரிமையாளர்களிடமிருந்து பிடுங்கி, ஜெர்மானியர்கள் தங்கள் கட்டுப்பாட்டில் நடத்திய பத்திரிகை. பெல்ஜிய மக்கள் அதற்கு வைத்த பெயர், திருடப்பட்ட லெ சுவார்.

போரில் வேலைக்குப் போவது குற்றமா என்று கேட்கலாம். ரொட்டி சுடுகிறவரும் ரயில் ஓட்டுகிறவரும் வேலை செய்யத்தானே செய்தார்கள் என்பதுதான் எர்ஜே தரப்பு வாதமும். ஆனால் மறுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த பத்திரிகையாளர்களும் அந்த ஊரில் இருந்தார்கள். மக்கள் விரும்பும் டின்டின் அந்தப் பத்திரிகையில் வந்ததே அதை வாங்கவைக்க உதவியது. போதாததற்கு 'எரி நட்சத்திரம்' கதையின் வில்லன் ப்ளூமென்ஸ்டைன் என்ற பெயருள்ள யூத வங்கியாளர். பெல்ஜிய யூதர்களை நாஜிக்கள் குறிவைத்துக்கொண்டிருந்த நேரத்தில் வந்த படம் அது. யூதர்களைக் கேலி செய்யும் ஒரு காட்சியும் பத்திரிகையில் வந்தது. புத்தகமாக வந்தபோது அதை நீக்கினார். பெயரைப் பிற்பாடு போல்விங்கெல் என்று மாற்றினார்.

'நீலத் தாமரை'யில் ஆக்கிரமிப்பாளனின் பொய்யைத் தோலுரித்த அதே கை, ஆறே வருடங்களில் ஆக்கிரமிப்பாளனின் பத்திரிகைக்கு வரைந்தது. இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று எர்ஜேயின் வாழ்க்கையை எழுதியவர்கள் இன்னமும் மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சங்கடம் என்னவென்றால், அவருடைய மிகச் சிறந்த காலமும் அதுவே. கேப்டன் ஹேடாக் பிறந்தது அந்தப் பத்திரிகையில்தான், 'பொன் கொடுக்கு நண்டு' கதையில். 1991 தொடரின் முதல் எபிசோடே அந்தக் கதைதான். யூனிகார்ன் கப்பல் ரகசியமும் சிவப்பு ரக்கமின் புதையலும் அங்கே வந்தவையே. காகிதத் தட்டுப்பாட்டால் இடம் சுருங்கி, தினமும் நான்கே கட்டங்களில் கதை சொல்லவேண்டிய கட்டாயம் வந்தது. நாளைக்கு என்ன ஆகும் என்று வாசகரை ஏங்கவைக்கும் அந்தச் சாமர்த்தியத்தை அப்போதுதான் அவர் முழுசாகக் கற்றார்.

1944 செப்டம்பர் 3 அன்று பிரஸ்ஸல்ஸ் விடுதலையானது. எர்ஜே நான்கு முறை கைதானார், ஒரு ராத்திரி சிறையில் இருந்தார். பத்திரிகையில் வேலை செய்யத் தடை. வழக்கு நடக்கவில்லை, ஆனால் பெயர் கெட்டது. அவரைத் தூக்கிவிட்டது யார் தெரியுமா? ஜெர்மானியர்களை எதிர்த்துத் தலைமறைவாக இயங்கிய ரேமோன் லெப்லான். அவர் பொறுப்பேற்று, நற்சான்று வாங்கிக்கொடுத்து, 1946 செப்டம்பர் 26 அன்று 'டின்டின்' வார இதழைத் தொடங்கினார். பிற்பாடு பெல்விஷன் என்ற அனிமேஷன் நிறுவனத்தை உருவாக்கி, 1950-களின் கடைசியில் டின்டினை முதன்முதலில் டிவி கார்ட்டூன் தொடராக்கியவரும் அவரே. ஐந்து நிமிட எபிசோடுகள், கதையை இஷ்டத்துக்கு மாற்றியிருப்பார்கள். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

வெள்ளைக் கனவு

1950-இல் எர்ஜே தனி ஸ்டூடியோ தொடங்கினார். நிலவுப் பயணக் கதைகளுக்காக விண்வெளி நூலாசிரியர் அலெக்ஸாண்டர் அனனோஃபிடம் ஆலோசனை கேட்டார். நாஜி ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டைப் பார்த்து, சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ராக்கெட்டை வரைந்தார். ஆம்ஸ்ட்ராங் 1969-இல் காலடி வைப்பதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் புத்தகம் வந்துவிட்டது. சாங் கற்றுக்கொடுத்த 'விசாரித்துவிட்டு வரை' என்ற பழக்கம் இப்போது ஒரு அலுவலகமே செய்யும் வேலையாகியிருந்தது.

வீட்டில் நிம்மதி இல்லை. ஜெர்மெய்னுடன் 1932-இல் நடந்த திருமணம் அது. 1950-களில் ஸ்டூடியோவில் வண்ணம் தீட்டும் வேலைக்கு வந்த ஃபேனி மேல் காதல். மனைவிக்குத் துரோகம் செய்கிறோமே என்ற குற்றவுணர்ச்சி ஒரு பக்கம், விடமுடியாத மனசு இன்னொரு பக்கம். ராத்திரியில் கெட்ட கனவுகள். எல்லாமே வெள்ளை. எங்கு பார்த்தாலும் வெள்ளை. சூரிச் போய் மனநல மருத்துவர் ரிக்லினைப் பார்த்தார். வேலையை நிறுத்துங்கள் என்பதே மருத்துவரின் ஆலோசனை.

அவர் நிறுத்தவில்லை. அந்த வெள்ளையையே பனியாக்கி, 'திபெத்தில் டின்டின்' கதையை வரைந்து முடித்தார். 1960-இல் புத்தகமாக வந்தது.

அந்தக் கதையில் வில்லனே கிடையாது. துப்பாக்கிச் சண்டை இல்லை, கடத்தல் கும்பல் இல்லை. சாங் பயணம் செய்த விமானம் இமயமலையில் விழுந்துவிட்டது. எல்லோரும் இறந்துவிட்டதாகச் செய்தி. சாங் உயிரோடு உதவி கேட்பதாக டின்டின் கனவு காண்கிறான். அவ்வளவுதான் ஆதாரம். அந்த ஒரு கனவை நம்பிக் கிளம்புகிறான். திட்டிக்கொண்டே கேப்டனும் கூடவே போகிறார். வழியில் டெல்லி, குதுப்மினார், செங்கோட்டை, நடுத்தெருவில் மறித்துக்கொண்டு படுத்திருக்கும் ஒரு பசு. இங்கே நமக்கு ஒரு சின்னத் தகவல்: விபத்தில் சிக்கும் விமானத்துக்கு எர்ஜே முதலில் வைத்த பெயர் தங்கள் பெயரைப் போலவே இருக்கிறது என்று ஏர் இந்தியா புகார் செய்தது. பெயர் 'சாரி ஏர்வேஸ்' ஆனது!

காணாமல்போன நண்பனுக்கு அவர் வேறு பெயர் வைத்திருக்கலாம். சாங் என்றே வைத்தார். நிஜ சாங்கிடமிருந்து 20 வருடத்துக்கு மேல் ஒரு வரித் தகவல்கூட இல்லாத நேரம் அது.

கதையின் பனிமனிதனும் அரக்கன் இல்லை. சாங்குக்குச் சாப்பாடு கொடுத்துக் காப்பாற்றியதே அதுதான். கடைசிக் கட்டத்தில், நண்பர்கள் கிளம்பிப் போவதைத் தூரத்திலிருந்து அது தனியாகப் பார்த்துக்கொண்டு நிற்கும். காங்கோவில் கண்ணில் பட்ட மிருகத்தையெல்லாம் சுட்ட பையனின் கதையை எழுதியவரும் இதை எழுதியவரும் ஒரே ஆள் என்று நம்பக் கஷ்டமாக இருக்கும்.

விமான நிலையத்தில் ஒரு மாலை

1960-இல் எர்ஜே ஜெர்மெய்னைப் பிரிந்தார். 1977-இல் விவாகரத்து ஆகி, ஃபேனியைத் திருமணம் செய்தார். அப்புறம்தான் நிஜமான பயணங்களும் அதிகமாயின. 1971-இல் அமெரிக்காவுக்குப் போய், சிறு வயதிலிருந்து பார்க்க ஆசைப்பட்ட பழங்குடியினரின் பகுதிக்கும் போய்வந்தார். 1973-இல் தைவான். டின்டின் மட்டும் குறைந்துகொண்டே வந்தான். கடைசி 20 ஆண்டுகளில் முழுசாக முடித்த புத்தகங்கள் மூன்றுதான்.

சாங்கைத் தேடுவதை மட்டும் விடவில்லை. பிரஸ்ஸல்ஸில் சந்திக்கும் சீனர்களிடமெல்லாம் விசாரித்தார். 1970-களில் ஒருவழியாகத் தகவல் கிடைத்தது. சாங் ஷாங்காயில் உயிரோடு இருந்தார். கலாசாரப் புரட்சியில் பட வேண்டியதெல்லாம் பட்டு, மறுபடி சிற்பியாகத் தலைநிமிர்ந்திருந்தார். கடிதங்கள் போயின. விசாவும் அனுமதியும் கிடைப்பதற்குள் வருடங்கள் ஓடின.

1981 மார்ச் 18 அன்று பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில் சாங் வந்து இறங்கினார். இருவருக்கும் வயது 73. பிரிந்து 46 ஆண்டுகள். டிவி கேமராக்களும் பத்திரிகைக்காரர்களும் முண்டியடித்த கூட்டத்துக்கு நடுவே கட்டிக்கொண்டார்கள். எர்ஜேக்கு அப்போதே உடம்பு சரியில்லை, ரத்தம் சம்பந்தப்பட்ட நோய். அவ்வளவு கூட்டமும் வெளிச்சமும் அவரைக் களைப்பாக்கின. நிம்மதியாக உட்கார்ந்து பேச ஆசைப்பட்டவர்களை ஊரே வேடிக்கை பார்த்தது, பாவம்.

அந்தப் பயணத்தில் சாங் தன் நண்பரின் தலையைச் சிற்பமாக வடித்தார்.

1983 மார்ச் 3 அன்று எர்ஜே இறந்தார். மேசையில் 24-ஆவது கதை பென்சில் கோடுகளாக, பாதியில் நின்றது. தனக்குப் பிறகு யாரும் டின்டினை வரையக் கூடாது என்பது அவர் விருப்பம். இன்றுவரை புதுக் கதை வரவில்லை. 2001-இல் சீனாவில் திபெத் கதையின் தலைப்பை 'சீனத் திபெத்தில் டின்டின்' என்று மாற்றி வெளியிட்டபோது, எர்ஜே அறக்கட்டளை எதிர்ப்புத் தெரிவித்துப் பழைய தலைப்பையே வைக்கச் செய்தது.

சாங் 1985-இல் பிரான்ஸுக்குக் குடிபெயர்ந்து, 1998-இல் அங்கேயே காலமானார். 1992-இல் டிவியில் திபெத் கதை இரண்டு எபிசோடுகளாக வந்தபோது, அதில் தேடப்படும் பையனுக்குப் பெயர் கொடுத்தவருக்கு வயது 84.